சீமைத் தூறல்

செயிண்ட் ஆம்புரோஸ் தீவில், கவர்னர் ஜெனரல் மாளிகையின் சுற்றுச்சுவருக்கு உள்ளே மட்டும் நூற்றெழுபத்தாறு வருடங்களாக இங்கிலாந்தின் வானிலை இருந்துவந்தது. சுவருக்கு வெளியே மாம்பழம் பழுத்து ரோட்டில் விழுந்துகொண்டிருக்கும். உள்ளே அதே நேரத்தில் தோட்டக்காரர்கள் மூடுபனியில் ஒருவரையொருவர் இருமலை வைத்து அடையாளம் கண்டுகொள்வார்கள். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை பனி கொட்டும். வழக்கமாகக் கணுக்கால் அளவு, 1963இல் இடுப்பளவு. அடிவாரத்துப் புவானோர் கிராமத்தில் கோழி வளர்ப்பவர்கள், சேவல் சுவரேறிக் குதித்து ஜனவரிக்குள் விழுந்துவிடாமலிருக்க அதன் இறக்கையை நறுக்கிவிடுவார்கள். ஜூன் மாதத்தில் இரவு ஒன்பது மணிவரை உள்ளே வெளிச்சம் இருக்கும். ஏழு மணிக்கே விளக்குப் போட்டுவிட்ட கிராமத்தார் அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டதில்லை. அந்த வெளிச்சத்திலும் தூறல்தானே.

சுதந்திரம் வந்தபோது கொடி மாறியது, தபால்தலை மாறியது, போலீஸ்காரரின் தொப்பி மாறியது. வானிலை மாறவில்லை. காரணத்தை வக்கீல்கள் கண்டுபிடித்தார்கள். தீவின் அரசியல் சாசனம் என்பது லண்டனில் அச்சடித்த ஓர் ஆணையின் பின்னிணைப்பு. அதில் பதினோராம் பிரிவு, இரண்டாம் உட்பிரிவு சொன்னது: மாளிகை வளாகத்தின் தட்பவெப்பமும் அதன் கீழ் விளைகிற யாவும் முன்போலவே மகுடத்துக்கு உரியவை. ஃபிட்ஸ்ராய் என்ற பால்காரர் இதை எதிர்த்து வழக்குப் போட்டார். மூடுபனி சுவர் தாண்டிக் கசிந்து அவருடைய கன்றுக்குச் சளி பிடித்துவிட்டது. வழக்கு தீவின் மூன்று நீதிமன்றங்களைக் கடந்து, கடல் தாண்டி லண்டனுக்குப் போய், பதினோரு வருடம் கழித்துத் தீர்ப்போடு திரும்பியது. மூடுபனி மகுடத்துக்குச் சொந்தம், சளி கன்றுக்குச் சொந்தம் என்றது தீர்ப்பு. அதற்குள் அந்தக் கன்று பாட்டியாகியிருந்தது.

எர்மின் லாடூஷ் அந்தச் சுவருக்குள் வேலைக்குச் சேர்ந்தது குளிருக்குப் பழகிக்கொள்ள. கல்யாணமான ஒன்பதாம் மாதம் அவள் கணவன் ஹெஸ்கித், லெஸ்டர் நகரத்தில் ஒரு காலுறை ஆலைக்கு வேலைக்குப் போனான். "ஆறே மாசம் பொறு. வீடு பாத்துட்டுக் கூப்பிட்டு அனுப்புறேன்" என்று விமான நிலையத்தில் சொன்னான். எர்மினுக்கு அப்போது இருபத்தேழு வயது. எதையும் முன்கூட்டியே செய்து பார்த்துவிடும் சுபாவம். மறுநாளே மலையேறிப் போய் மாளிகையில் களை பிடுங்கும் வேலை கேட்டாள். முதல் குளிர்காலத்தில் விரல்கள் வாழைப்பூ போல் வீங்கிச் சிவந்தன. இரண்டாவதில் எந்தச் சட்டைக்கு மேல் எந்தச் சட்டை போடவேண்டும் என்று தெரிந்துகொண்டாள். மூன்றாவதில் கண்ணை மூடிக்கொண்டே, காற்றின் வாசத்தை வைத்துப் பனி எத்தனை மணிக்கு விழும் என்று சொல்ல ஆரம்பித்தாள். ஹெஸ்கித்துக்கு எழுதிய கடிதங்களில் எல்லாம் எச்சரிக்கைகள்தான்: மார்ச் வந்துவிட்டதே என்று கம்பளிக் குல்லாயைக் கழற்றாதே, ஏப்ரலில் ஒருமுறை உறைபனி திரும்பி வரும். அவன், இங்கு எல்லாம் நலம் என்று பதில் எழுதினான். பிறகு கிறிஸ்துமசுக்கு மட்டும் எழுதினான். ஐந்தாம் வருடம் லெஸ்டரிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருத்தி, அங்கே டோரீன் என்று ஒரு பெண் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள் என்று சொல்லிவிட்டுப் போனாள். செய்தி வந்தபோது எர்மின் ரோஜாச் செடிகளுக்குச் சாக்கு சுற்றிக்கொண்டிருந்தாள். உள்ளே மைனஸ் நாலு டிகிரி. அழுதால் இமை ஒட்டிக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும். சாக்குகளைச் சுற்றி முடித்துவிட்டு, கேட்டைத் தாண்டி, முப்பத்திரண்டு டிகிரி வெயிலில், வீட்டுக்குப் போகும் வழியில் அழுது முடித்தாள்.

மறுநாளும் வேலைக்குப் போனாள். இனி குளிருக்குப் பழக வேண்டிய அவசியம் இல்லை என்றாலும் குளிர் அவளுக்குப் பழகிவிட்டிருந்தது. இருபதாம் வருடம் தலைமைத் தோட்டக்காரி ஆனாள். பன்னிரண்டு ஆண்கள் அவள் சொல்படி நடந்தார்கள். ஒன்பது வருடம் பாடுபட்டு ஒரு ரோஜாவை உண்டாக்கினாள். பனி பெய்யும்போது மட்டும் மலரும் ரோஜா, நிறம் கொய்யாப்பழத்தின் உட்புறம் போல. அப்போதிருந்த கவர்னர் ஜெனரலின் காரியதரிசி அதைத் தொட்டியோடு லண்டன் மலர்க் கண்காட்சிக்கு அனுப்பினார். அங்கே தங்கப் பதக்கம் கிடைத்தது. பூவுக்கு லேடி மில்லிசென்ட் என்று பெயரும் வைத்தார்கள். அந்தச் சீமாட்டி அந்தப் பூவைப் பார்த்தது கூட இல்லை. எர்மின் ஒரு கடிதம் எழுதினாள். பதினாலு மாதம் கழித்து, முத்திரை குத்திய கெட்டிக் காகிதத்தில், பதினோராம் பிரிவு இரண்டாம் உட்பிரிவைச் சுட்டிக்காட்டிப் பதில் வந்தது. அவள் அதை நான்காய் மடித்து, செடித்தொட்டி மேசையின் ஆடுகிற காலுக்கு அடியில் கொடுத்தாள். மேசை ஆட்டம் நின்றது.

இந்த நிலையில்தான் அரசாங்கம், நாட்டைக் குடியரசாக்கி, சாசனத்தையும் திருத்துவது என்று முடிவு செய்தது. அதற்கு மக்கள் வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். ஓய்வு பெற்ற நீதிபதி ஆன்செல்ம் பூகார் தலைமையில் குழு ஒன்று, ஒரு வேனில், ஊர் ஊராகக் கருத்துக் கேட்கக் கிளம்பியது. புவானோர் கிராமம் அது வரும்வரை காத்திருக்கவில்லை. ஹெஸ்கித்தின் தங்கை மோடெஸ்டா நடத்திய ரம் கடையில், டோமினோக் கட்டைகளை அறைகிற சத்தத்துக்கு நடுவே, நாட்டின் தலைவரைப் பாராளுமன்றம் தேர்ந்தெடுப்பதா, ஜனங்களே தேர்ந்தெடுப்பதா என்ற கேள்வி நாலு மாதம் ஓடியது. கடைசி அப்பீல் லண்டனுக்கா, டிரினிடாடில் இருக்கும் கரீபிய நீதிமன்றத்துக்கா என்பது இன்னும் இரண்டு மாதம்.

"லண்டன் நீதிபதிக்கு நம்மள யாருன்னே தெரியாதுப்பா" என்றான் ஒரு மீனவன்.

"அதான் எனக்கும் வேணும். தெரிஞ்ச நீதிபதின்னா எப்படியும் அவரு என் எதிராளிக்கு மச்சானா இருப்பாரு" என்றான் எதிரே கட்டை வைத்திருந்தவன்.

குடியரசு வேண்டும் என்பவர்களுக்கு சீமைப்பலா சின்னம் கொடுக்கப்பட்டது. வேண்டாம் என்பவர்களுக்குக் குடை. சீமைப்பலா என்றால் சுட்டுத் தின்று வளர்ந்த சொந்த மண்ணின் காய் என்று ஒரு கட்சி பேசியது. அந்தக் காயே ராஜாவின் கப்பலில் ஏறி வந்ததுதானே என்று மறு கட்சி கேட்டது. வந்தது வந்ததுதான், ஆனால் வந்த பிறகு அது திரும்பிப் பார்க்கவில்லையே என்று முதல் கட்சி சொன்னது. அத்தோடு எல்லோரும் இன்னொரு கிளாஸ் வாங்கினார்கள்.

வாக்கெடுப்புக்குப் பதின்மூன்று மாதம் முன்பு ஹெஸ்கித் திரும்பி வந்தான். முப்பது வருடத்துக்கு மேல் அங்கே இருந்தவன், படகிலிருந்து கம்பளி சூட்டோடு இறங்கினான். டோரீன் அவனை விட்டுப் போய் எட்டு வருடமாகியிருந்தது. பிள்ளைகள் போன் எடுப்பதில்லை. துறைமுகத்திலிருந்து மோடெஸ்டாவின் கடைக்கு வருவதற்குள் அவனுக்கு வியர்த்த வியர்வையில் இரண்டு முறை வழுக்கி விழுந்தான். அந்த வியர்வை அதன் பிறகு நிற்கவேயில்லை. அவன் உட்கார்ந்து எழுந்த நாற்காலிகளை மோடெஸ்டா வெயிலில் காயப்போடுவாள். தூங்குகிற பாயின் ஓரத்தில் சின்ன வாய்க்கால் வெட்டித் தண்ணீரைக் கத்தரிச் செடிக்குத் திருப்பிவிட்டாள். உப்புத் தண்ணீர் என்பதால் செடி தேறவில்லை. நாலாம் நாள் ஹெஸ்கித் மலையேறிப் போய் மாளிகையின் கேட்டுக் கம்பிகளுக்கு இடையே முகத்தை வைத்து, உள்ளேயிருந்து வந்த அக்டோபர் காற்றை வாய் திறந்து குடித்தான். அந்தப் பக்கம் இலை கூட்டிக்கொண்டிருந்த எர்மின் நிமிர்ந்தாள்.

"எர்மின். நல்லா இருக்கியா?"

"குல்லாயக் கழட்டு, மூஞ்சி தெரியல."

கழற்றினான். தலையிலிருந்து ஆவி போனது. "அப்படியே இருக்க நீ" என்றான்.

"குளிர்ல வச்ச சாமான் கெடாது. என்ன வேணும்?"

"உள்ள வந்து கொஞ்ச நேரம் நிக்கணும். அவ்வளவுதான். செத்துருவேன் போலருக்கு. ஒரு நிழல் ஓரமா நின்னுட்டுப் போயிடறேனே."

எர்மின் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "இது மகுடத்தோட குளிரு. வெளியாளுக்குக் குடுக்க எனக்கு அதிகாரம் கெடையாது. ஆறே மாசம் பொறு, கூப்பிட்டு அனுப்புறேன்" என்றாள். அவளுக்கு அதைச் சொன்ன பிறகு, முழங்காலில் முப்பது வருடமாக இருந்த வலி இரண்டு நிமிடம் நின்று பிறகு திரும்பியது. அவன் இறங்கிப் போய்க் குடைக் கட்சியில் சேர்ந்தான். குடியரசு வந்தால் குளிர் போய்விடும், குளிர் போனால் தனக்குக் கம்பிக்கு இடையே வரும் காற்றும் போய்விடும். அவன் அரசியல் முழுக்க அவ்வளவுதான். ஆனால் மேடையில் சூட்டும் டையுமாக நின்று, நான் அவர்கள் ஆகாயத்தின் கீழேயே வாழ்ந்தவன் என்று அவன் பேசியபோது கூட்டம் கேட்டது.

நீதிபதி பூகாரின் வேன் கடைசியாகத்தான் புவானோருக்கு வந்தது. பள்ளிக்கூட மண்டபத்தில் நின்றுகொள்ள இடமில்லை. ஹெஸ்கித் முதல் வரிசையில், காலடியில் ஒரு அண்டாவோடு உட்கார்ந்திருந்தான். அவன் எழுந்து அரை மணி நேரம் பேசினான். அந்தக் குளிரின் கண்ணியம், அந்த மழையின் ஒழுங்கு, அதை அனுபவித்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும் என்றான். கைதட்டல் அடங்கியதும் பின்வரிசையில் எர்மின் எழுந்தாள். பக்கத்தில் அவளுடைய பன்னிரண்டு தோட்டக்காரர்களும் கம்பளிக் கோட்டுகளோடு நின்றார்கள்.

"ஒரே கேள்வி ஹெஸ்கித். பிப்ரவரி கடைசில, பனிக்குள்ளேருந்து மொதல்ல தலைய நீட்டுற பூ எது?"

ஹெஸ்கித் கைக்குட்டையைப் பிழிந்தான். "ரோஜா?" என்றான்.

பன்னிரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எர்மின் சிரிக்கவில்லை. "தெரியலன்னா தப்பில்ல. ராத்திரி பூரா மில்லு, பகல் பூரா தூக்கம். பாவம், நீ எப்பப் பாத்திருக்கப்போற. வெள்ளையா, மணி மாதிரி தொங்கும். முப்பத்தோரு வருஷமா அதுக்கு மேல மிதிச்சிறாம நடக்குறவ நான். அய்யா நீதிபதி, இந்தக் குளிர முதுகுல சொமந்தவ நான், என் பேரு அந்தச் சட்டத்துல எங்க இருக்கு? நான் பெத்த பூவுக்கு எவளோ ஒருத்தி பேரு. அது எந்த ஊரு நியாயம்?"

நீதிபதி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அந்த வானிலைய வெளிய அனுப்பிரணும்னு சொல்றீங்களா மிஸ் எர்மின்?"

"நான் அப்படிச் சொல்லலையே. தூறல் மேல எனக்கென்ன கோவம்? அதுவும் என்னைப் போல யாருக்காகவோ வேலைக்கு வந்ததுதான். போன்னும் சொல்லல, இருன்னும் சொல்லல. இருக்கறதுன்னா எல்லாரையும் போல இருக்கட்டும்."

"சரி. பதினொண்ணு ரெண்டை எடுத்துட்டு அந்த எடத்துல என்ன போடலாம்?"

எர்மின் இதை யோசித்துக்கொண்டு வந்திருக்கவில்லை. "ஒண்ணும் போடாதீங்க" என்றாள். "கொஞ்சம் எடம் காலியா இருக்கட்டுமே. அப்புறம் பாத்துக்கலாம்."

நீதிபதி அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

இந்தப் பேச்சு வானிலையின் காதுக்கு எப்படியோ போய்விட்டது. அடுத்த ஏழு நாள் மாளிகைத் தோட்டத்தில் எர்மின் தலைக்கு மேல் மட்டும் ஆலங்கட்டி மழை பெய்தது. அவள் எங்கே நகர்ந்தாலும் அதுவும் நகர்ந்தது. அவள் ஒரு தகர வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு களை பிடுங்கினாள். எட்டாம் நாள் மழை நின்றது. வானிலை வேறு வழியில் இறங்கியது. அந்த வருடம் தீவில் ஏழு மாதமாக மழை இல்லை. மலைக்குப் பின்புறம் மோர்ன் செக் கிராமத்தில் தண்ணீர் லாரி வந்தால்தான் குளியல். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மாளிகையின் கிழக்கு மூலையிலிருந்து ஒரு சாம்பல் நிற மேகம் தனியாகப் பிரிந்து, சுவரைத் தாண்டி, மோர்ன் செக்குக்குப் போய், கதவில் குடைப் படம் ஒட்டிய வீடுகளின் மேல் மட்டும் பெய்தது. பக்கத்துச் சீமைப்பலா வீட்டு வாசலில் ஒரு சொட்டு விழவில்லை. மறுநாள் கிராமத்தில் குடைப் படம் தீர்ந்துபோனது. ஒருவன் புத்திசாலித்தனமாக முன் சுவரில் குடையும் பின் சுவரில் சீமைப்பலாவும் ஒட்டினான். அவன் வீட்டுக்கு முன்பக்கக் கூரையில் மட்டும் மழை பெய்தது, சமையலறை பின்பக்கம் இருந்தது. சீமைப்பலாக் கட்சியினர், இது வாக்காளருக்குக் கையூட்டு என்று தேர்தல் அதிகாரியிடம் மனுக் கொடுத்தார்கள். அவர் சட்டப் புத்தகத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, கையூட்டுக் கொடுப்பவர் என்பதில் மேகம் அடங்காது என்று எழுத்தில் பதில் தந்தார். உண்மையில் அவர் வீட்டுக் கதவிலும் குடை இருந்தது.

எர்மினுக்கு இதைக் கேட்டு அவமானமாக இருந்தது. தான் வளர்த்த பிள்ளை சந்தையில் திருடிப் பிடிபட்டது போல். அவள் மினி பஸ் பிடித்து மோர்ன் செக்குக்குப் போய், ரோட்டின் நடுவில் நின்று, இடுப்பில் கைவைத்து மேலே பார்த்தாள். "வெக்கமா இல்ல உனக்கு? முப்பத்தோரு வருஷமா உன்னைப் பாக்குறேன். பிடிவாதம் உண்டு, மூஞ்சியத் தூக்கி வச்சுக்கறது உண்டு, ஆனா ஆள் பாத்துப் பெய்யிறவன்னு நான் நெனைக்கல. தாகத்த வச்சு ஓட்டுக் கேக்குறியே, எங்க கத்துக்கிட்ட? எங்க மந்திரிங்ககிட்டதான?" மேகம் ஓரம் கறுத்து, படம் ஒட்டிய வீடு, ஒட்டாத வீடு, தேவாலயம், கழுதை, தண்ணீர் லாரி எல்லாவற்றின் மேலும் இரண்டு மணி நேரம் கொட்டிவிட்டு, மினி பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு முழ உயரத்தில் தொடர்ந்து மலைக்குத் திரும்பியது. டிரைவர் பின் கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டே வந்தார். அதற்குத் தனியாக டிக்கெட் கேட்கவில்லை.

வாக்கெடுப்பு நாளில் எர்மின் அட்டை மறைப்புக்குப் பின்னால் பேனாவோடு வெகுநேரம் நின்றாள். வெளியே வரிசை முணுமுணுத்தது. குளிர் போய்விட்டால் ரோஜா ஒரு வாரம் தாங்காது என்பது தீவில் வேறு யாரையும்விட அவளுக்குத் தெரியும். பூ இல்லாமல் பெயரை மட்டும் மீட்டு என்ன செய்வது என்று நினைத்தாள். பெயர் இல்லாமல் பூவை வைத்துக்கொண்டு இத்தனை நாள் என்ன செய்தோம் என்றும் நினைத்தாள். சீமைப்பலாவுக்கு எதிரே கோடு போட்டுவிட்டு வெளியே வந்தாள். அவளுக்குப் பின்னால் நாலாவது ஆளாக ஹெஸ்கித் நின்றிருந்தான். அவன் குடைக்கு எதிரேதான் அழுத்திக் கோடு போட்டான். ஆனால் சீட்டை மடிப்பதற்குள் கையிலிருந்தும் நெற்றியிலிருந்தும் வழிந்த வியர்வையில் கோடு கரைந்து, பரவி, இரண்டு சின்னங்களையும் மூடிக் கடைசியில் ஒரு மீன் உருவத்தில் நின்றது.

மறுநாள் காலை முடிவு வந்தது. செல்லுபடியான ஓட்டுகள் இருபத்தோராயிரத்து அறுநூற்று மூன்று. சீமைப்பலாவுக்கு பதினாலாயிரத்து நானூற்றிரண்டு. சரியாக மூன்றில் இரண்டு பங்கு, ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. செல்லாத ஓட்டுகளில் ஒன்று மீன் போல இருந்தது; அது மட்டும் செல்லுபடியாகியிருந்தால் குடை ஜெயித்திருக்கும். இந்தச் செய்தி மோடெஸ்டாவின் கடைக்குப் பதினோரு மணிக்கு வந்து சேர்ந்தது. சீமைப்பலாக் கட்சியினர் ஹெஸ்கித்தைத் தோளில் தூக்கிக்கொண்டு தேசப்பிதா என்று கத்தியபடி ஊர்வலம் போனார்கள். இரண்டு பேர் வழுக்கியதால் பாலத்தருகே அவனைக் கீழே போட்டுவிட்டார்கள்.

குடியரசு ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணிக்கு அமலுக்கு வந்தது. நள்ளிரவில் வைக்கலாம் என்றார்கள், கரண்ட் போகும் என்று பயந்து மாற்றினார்கள். பழைய கவர்னர் ஜெனரல், சாதுவான முன்னாள் தலைமையாசிரியர், ஏழு கம்பளிக் கோட்டுகளையும் ஒரு வெந்நீர்ப் பையையும் எடுத்துக்கொண்டு, எல்லோரிடமும் கைகுலுக்கிவிட்டு, மருமகனின் காரில் ஏறிப் போனார். பாராளுமன்றம் தேர்ந்தெடுத்த ஜனாதிபதி, நாற்பது வருடம் பிரசவம் பார்த்த நர்ஸ் அம்மாள், உள்ளே போனதும் செய்த முதல் காரியம் கேட்டைத் திறந்துவைத்ததுதான். புதிய சாசனம் அச்சாகி வந்தது. அதில் பதினோராம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவுக்கு எதிரே ஒரு விரற்கடை வெற்றிடம் இருந்தது. அச்சகத்தார் தவறு என்று நினைத்து மூன்று முறை போன் செய்தார்கள். மூன்று முறையும் நீதிபதி, அப்படியே விடுங்கள் என்றார்.

பன்னிரண்டு அடித்ததும் தூறல் நின்றது. நூற்றெழுபத்தாறு வருடத்தில் முதல் முறையாக மாளிகைப் புல்வெளியில் தீவின் வெயில் விழுந்தது. புல் கண்ணைக் கசக்குவது போல் சுருண்டது. மூடுபனி மட்டும் தரையோடு தரையாக, திறந்த கேட்டுக்கு உள்ளே ஒரு சாண் தள்ளி நின்றது. போ என்று யாரும் சொல்லவில்லை, இரு என்றும் யாரும் சொல்லவில்லை. அதற்கு அதிகாரம் உள்ளவர் யார் என்பதுதான் அந்த வெற்றிடம். மூன்று நாள் அது அப்படியே நின்றது. எர்மின் ரோஜாக்களுக்கு மோடெஸ்டா கடையிலிருந்து ஐஸ் வாங்கிவந்து வேரடியில் வைத்தாள். அவள் முழங்கால் வலி போய்விட்டது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. நாலாம் நாள் காலையில் மூடுபனியைக் காணோம். கிராமத்தார் அது கப்பலேறிவிட்டதாகச் சொன்னார்கள். எர்மின் வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஈரம் பட்டிருந்த தடத்தைப் பார்த்துக்கொண்டே மலையிறங்கி, மீன் சந்தையைக் கடந்து தலைநகரத்துக்குப் போனாள். தடம் பதிவாளர் அலுவலகத்தில் முடிந்தது. பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்த ஏழு பேருக்குப் பக்கத்தில், எட்டாவதாக, தன் முறைக்காக அது காத்துக்கொண்டிருந்தது.

குமாஸ்தாப் பெண் படிவத்தை எடுத்தாள். குடியுரிமை கோருபவர் ஏழு வருடம் தீவில் வசித்திருக்க வேண்டும், அது சரி. பிறந்த இடம் தெரியாது, கடலுக்கு அந்தப் பக்கம். தொழில், தூறல். குற்ற வழக்கு ஏதும் உண்டா என்ற கேள்விக்கு எர்மின் மோர்ன் செக் விஷயத்தைச் சொல்லாமல், கன்றுக்குட்டி வழக்கை மட்டும் சொன்னாள். நன்னடத்தைக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும் என்றார்கள். எர்மின் கையெழுத்துப் போட்டுவிட்டு, இரண்டாவது ஆளுக்காக மோடெஸ்டாவின் கடைக்குப் போன் செய்தாள். ஹெஸ்கித் அண்டாவோடு வந்து சேர்ந்தான்.

"இவனை எவ்வளவு நாளாத் தெரியும்?" என்று கேட்டாள் குமாஸ்தா.

"இவன் சொந்தக்காரங்களோட முப்பது வருஷம் ஒரே ஊர்ல இருந்தேன்மா" என்றான் ஹெஸ்கித். எர்மின் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டான். "ஆனா மொகம் பாத்ததில்ல. அத இந்தம்மாகிட்டதான் கேக்கணும்."

எர்மின் அவனிடமிருந்து படிவத்தை வாங்கி, கையெழுத்தின் மேல் சொட்டிய வியர்வையை இடுப்பில் கட்டியிருந்த துணியால் ஒற்றி எடுத்தாள். "வா, ஒழுகாம நட" என்றாள். அதன் பிறகு ஹெஸ்கித் தினமும் மதியம் மலையேறி, திறந்த கேட்டு வழியாக உள்ளே போய், அவள் காட்டிய இடத்தில் இலை கூட்டினான். இலையுதிர்காலத்தில் வேலை அதிகம். நாலு மணிக்கு இருவரும் தேநீர் குடிப்பார்கள், அவள் பூக்களின் பெயர் சொல்வாள், அவன் மறந்துவிடுவான். மாலையில் அவரவர் வீட்டுக்குப் போவார்கள். ரோஜாவுக்கு எர்மின் புதுப் பெயர் பதிவு செய்தாள். தன் பெயரை வைப்பாள் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவள் வைத்த பெயர் பதினொன்றின் இரண்டு.

குடியுரிமை கிடைத்த பின் வானிலை மாளிகைக்கே திரும்பிவிட்டது, ஆனால் சுவருக்குள் அடங்கி இருக்கவில்லை. காய்ச்சல் வந்த பிள்ளைகள் இருக்கும் வீட்டு ஜன்னலோரம் மதியம் போய் நின்றது. ஐஸ் வாங்க வசதி இல்லாத மீனவர்களின் படகில் விடியற்காலை அரை அங்குலம் பனி போட்டுவைத்தது. போகப்போக ஊர்ப் பழக்கமும் ஒட்டிக்கொண்டது: எட்டு மணித் தூறல் ஒன்பதரைக்கு வரும், கார்னிவல் வாரத்தில் வரவே வராது. அடுத்த பொதுத் தேர்தலில் புவானோர் வாக்காளர் பட்டியலில் நானூற்றுப் பன்னிரண்டாம் எண்ணில் அதன் பெயர் இருந்தது. காலை ஏழு மணிக்கே பள்ளிக்கூடத்து வரிசையில், ஒரு தச்சனுக்கும் ஒரு கர்ப்பிணிக்கும் நடுவில் அது நின்றது. கர்ப்பிணிக்கு முன்னால் இடம் விட்டது. யாருக்குப் போட்டது என்று யாரும் கேட்கவில்லை, அது சட்டப்படி தவறு. எந்த விரலில் மை வைப்பது என்று தேர்தல் அதிகாரி மட்டும் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு மைப்புட்டியை அப்படியே நீட்டினார். அன்று மாலை தீவு முழுக்க லேசாக ஊதா நிறத்தில் தூறியது. கொடியில் வெள்ளைத் துணி காயப்போட்டிருந்தவர்கள் ஓடிப்போய் எடுத்தார்கள். மற்றவர்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.